கேரவன் சிங்க் கீழ பைப் ஓட்டை: எலியும் குளிரும் ஒரே வழியா வருது, எப்படி அடைக்கிறது?

மிட்ராண்ட்_மச்சி

வணக்கம் மக்களே. செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய கேரவன் (கார் பின்னாடி இழுத்துட்டுப் போற குட்டி வீடு) வாங்கியிருக்கேன், இப்போ வீட்டு டிரைவ்வேல நிக்குது. இங்க தென்னாப்பிரிக்காவுல ஜூலைதான் குளிர்காலம், அந்த ஸ்கூல் லீவுக்கு அண்டர்பெர்க்ங்கிற மலை ஊர்ப் பக்கம் போலாம்னு பிளான். பிரச்சனை என்னன்னா சிங்க் கீழ கதவைத் திறந்தா எலிப்புழுக்கை, மூலையில டிஷ்யூ பேப்பரைக் கிழிச்சு கூடு மாதிரி ஏதோ கட்டி வச்சிருக்கு. டார்ச் அடிச்சுப் பார்த்தா தண்ணி பைப் 12 மி.மீ.தான், ஆனா அது தரையில இறங்குற ஓட்டையில என் மூணு விரல் போகுது, வேஸ்ட் பைப் பக்கம் இன்னும் பெருசு, கீழ புல்லே தெரியுது. ராத்திரி உள்ள படுத்துப் பார்த்தோம், அந்த அலமாரிலேர்ந்து சிலுசிலுன்னு காத்து காலுக்கு அடிக்குது.

இதை அடைக்காம நான் வரமாட்டேன்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க. ஹார்ட்வேர் கடையில விக்கிற ஸ்பிரே ஃபோம் ஒரு டப்பா வாங்கி எல்லா ஓட்டையிலயும் அடிச்சு விட்டா முடிஞ்சுதா, இல்ல வேற ஏதாவது பண்ணணுமா?

சோம்பேறி சிங்கம்

முடிஞ்சுது ப்ரோ. ஃபோம் அடி, உப்பி வரும், காஞ்சதும் கத்தியால வழிச்சு விடு, பத்து நிமிஷ வேலை. யூடியூப்ல எல்லாரும் அதத்தான் பண்றான்.

டர்பன் பெரியப்பா

தம்பி கொஞ்சம் பொறுங்க. நான் டர்பன் பக்கம் பீனிக்ஸ்ல இருக்கேன், வேலை பார்த்த காலம் பூரா பிளம்பிங்தான், இப்ப ரிட்டயர்ட், நம்ம சனங்க கேரவன் கொண்டு வந்து காட்டுவாங்க பார்த்துக் குடுப்பேன். வெறும் ஃபோம் காத்தைத் தடுக்கும், பல்லைத் தடுக்காது. சுண்டெலி அதைக் கடிச்சுத் துப்பிட்டு உள்ள வந்துரும், சில சமயம் அந்தத் துகளையே எடுத்துட்டுப் போய் கூட்டுக்குப் போட்டுக்கும், உங்க காசுல அதுக்கு மெத்தை.

சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும், ஒரு பென்சில் நுழைஞ்சா அதுவும் நுழையும்னு வச்சுக்குங்க. பெரிய எலிக்கு ஒரு 12 மி.மீ. இருந்தா தலையை விட்டுரும், அப்புறம் மிச்ச உடம்பு தானா வரும். உங்க மூணு விரல் ஓட்டை அதுக்கு ராஜபாட்டை.

அதனால முதல்ல உலோகம், அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். பைப்பைச் சுத்தி இருக்கிற சந்துல செம்பு வலையை, சுருளா விக்கிது பாருங்க, அதை ஸ்க்ரூடிரைவர் முனையால இறுக்கமா குத்தி அடைங்க. லூசா திணிச்சா இழுத்துப் போட்டுரும். இறுக்கினா பல்லுல மாட்டிக்கும், அதுக்குப் பிடிக்காது, விட்டுட்டுப் போயிரும். அது மேல மெல்லிசா ஃபோம் இல்லாட்டி சீலன்ட்.

சோம்பேறி சிங்கம்

பெரியப்பா செம்பு வலை எங்க கிடைக்கும், அதுக்கு பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் போதாதா? வீட்லயே கிடக்கு.

டர்பன் பெரியப்பா

சாதா இரும்பு நார் வேணாம். டர்பன்ல உப்புக்காத்துல கொஞ்ச நாள்லயே துருவாகி உதிர்ந்துரும், ஜோபர்க்ல (ஜோஹன்னஸ்பர்க்) கொஞ்சம் கூட நாள் தாங்கும், ஆனா கேரவனோட அடிப்பக்கம் ரோட்டுத் தண்ணி தெறிக்கிற இடம். துரு ஒழுகி பிளைவுட்ல கறையும் விழும். எவர்சில்வர் நார்னு போட்டிருந்தா பரவாயில்ல, காந்தம் வச்சுப் பாருங்க, பலமா ஒட்டிச்சுன்னா சந்தேகப்படுங்க.

சென்சூரியன் அக்கா

தம்பி உங்க வீட்டம்மா பக்கம் நான். இப்ப இருக்கிற எலியை முதல்ல வெளியேத்தாம ஓட்டையை அடைச்சா உள்ளயே மாட்டிக்கிட்டு செத்து நாறும், அந்த வாசனை மெத்தை வரைக்கும் ஏறும். சாதாரண பொறி ரெண்டு மூணு சுவரோரமா வச்சு, கடலை வெண்ணெய் கொஞ்சம் தடவி விடுங்க, புதுசா புழுக்கை விழலைன்னு உறுதியானதும் அடைங்க. புழுக்கையைக் காய்ஞ்ச துடைப்பத்தால பெருக்காதீங்க, தூசி மூக்குல போகும். கையுறை போட்டு, ப்ளீச் கலந்த தண்ணி தெளிச்சு, ஊறவிட்டு பேப்பரால துடைச்சு எடுங்க.

இன்னொண்ணு, இதை கை கூப்பிக் கேக்குறேன், சிக்னல்லயும் டாக்ஸி ரேங்க்லயும் சின்ன பொட்டலத்துல விக்கிற எலி மருந்தை வாங்காதீங்க. 2024 அக்டோபர்ல சோவெட்டோ நலேடில 6 பிள்ளைங்க செத்துப் போச்சே, டெர்புஃபாஸ்னு பயிர்ப் பூச்சிக்கொல்லி, அதைத்தான் தெருவுல எலி மருந்துன்னு பொட்டலம் கட்டி வித்துக்கிட்டு இருந்தானுங்க. கேரவன் மாதிரி குட்டி இடத்துல, பிள்ளைங்க தரையில விளையாடுற இடத்துல, அதெல்லாம் நினைச்சுக்கூடப் பார்க்கக் கூடாது. கடையில விக்கிற மெழுகுக் கட்டி மருந்தும் வேண்டாம்ங்கிறதுதான் என் கட்சி. அதைத் தின்னுட்டு தள்ளாடுற எலியை ஆந்தை தூக்கிட்டுப் போகுது, அதுவும் சாகுது.

மிட்ராண்ட்_மச்சி

அக்கா நன்றி, பொறி வச்சாச்சு. பெரியப்பா, வேஸ்ட் பைப் ஓட்டை ரொம்ப பெருசு, அதுக்கு வலை மட்டும் எவ்வளவுதான் திணிக்கிறது, கீழ விழுந்துராதா?

டர்பன் பெரியப்பா

விழும். பெரிய ஓட்டைக்குத் தட்டு போடணும். எப்படின்னு சொல்றேன்.

ஒரு ஒன்றரை மி.மீ. அலுமினியத் தகடு எடுங்க, ஓட்டையை விட எல்லாப் பக்கமும் ரெண்டு விரல் கூட இருக்கிற மாதிரி சதுரமா வெட்டுங்க. நடுவுல பைப் சைஸுக்கு 2 மி.மீ. கூட்டி வட்டம் போடுங்க, ஹோல் சா (வட்டமா அறுக்கிற டிரில் பிட்) இருந்தா நல்லது. இப்ப அந்த வட்டத்தோட நடுவுலயே தகட்டை ரெண்டாப் பிளந்துருங்க. ரெண்டு பாதி கிடைக்கும், பைப்பைக் கழட்டாமலே ரெண்டு பக்கமும் வச்சு நெருக்கிக்கலாம். பிளந்த கோடு வழியா சந்து விழாம இருக்க இன்னொரு சின்ன துண்டை அதுக்கு மேல போட்டு மூடுங்க. வெட்டின விளிம்பை அரத்தால ராவி மழுக்கிருங்க, பைப் ஓட்டத்துல அந்தக் கூர்மையில உரசி அறுந்துச்சுன்னா எலியை விடப் பெரிய தொல்லை.

தகடு போடறதுக்கு முன்னாடி ஓட்டையோட பிளைவுட் விளிம்பைப் பாருங்க. கம்பெனில ஓட்டை போட்டு அப்படியே விட்டிருப்பாங்க, பூச்சு இல்லாத வெறும் மரம் தண்ணி குடிச்சு உப்பியிருக்கும். நகத்தால அழுத்தினா உள்ள போகுதுன்னா அந்த மரம் போச்சு, முதல்ல அதைச் சரி பண்ணணும், அழுகின மரத்துல ஸ்க்ரூ நிக்காது. நல்லா இருந்துச்சுன்னா காய விட்டு, வார்னிஷோ எப்பாக்ஸியோ ரெண்டு கோட்டிங் அடிங்க.

தட்டுக்கும் பைப்புக்கும் நடுவுல அந்த 2 மி.மீ.ல பாலியூரித்தேன் சீலன்ட், சிக்காஃப்ளெக்ஸ் மாதிரி, காஞ்சாலும் ரப்பரா வளையுறது. கேரவன் ரோட்டுல ஓடுற வீடு, எல்லாம் ஆடும். ஃபோம் காஞ்சா விறைச்சுரும், குண்டுங்குழியுமா ரெண்டு மண் ரோடு போயிட்டு வந்தா பைப்பை விட்டுப் பிரிஞ்சு முடி மாதிரி கோடு விழும், அதுல காத்தும் எறும்பும் போகும்.

சோம்பேறி சிங்கம்

சரி சரி ஒத்துக்கிறேன். ஆனா குளிருக்கு ஃபோம்தான பெஸ்ட்டு? சிங்க் கீழ முழுசா நிரப்பிட்டா பைப்பு உறையாது.

கேப்டவுன் யாழ்

தம்பி சிங்கம், அங்கதான் பிழை விடுறீங்கள். நாங்கள் சதர்லாண்ட் பக்கம் நட்சத்திரம் பாக்க அடிக்கடி போறனாங்கள், அந்தப் பெரிய டெலஸ்கோப் இருக்கிற ஊர், ஜூன் ஜூலையில இரவு பைப்பெல்லாம் கல்லாப் போயிடும். அங்க பழகினதைச் சொல்லுறன்.

பஞ்சு, ஃபோம், போர்வை ஒண்டும் தானாச் சூடு தராது. இருக்கிற சூடு போறதைத்தான் மெதுவாக்கும். கேரவனுக்கை சூடு எங்க இருக்கு? நீங்கள் படுக்கிற பக்கம். குளிர் எங்க இருக்கு? தரைக்குக் கீழ. இப்ப நீங்கள் பைப்புக்கும் அறைக்கும் நடுவில ஃபோமை நிரப்பினா என்ன நடக்கும், அறைச் சூடு பைப்புக்குப் போகாது, கீழ இருந்து வாற குளிர் மட்டும் போகும். நிரப்பாமல் விட்டதை விட அது கெதியா உறையும். ஃபோம் பைப்புக்கு வெளிப்பக்கம், குளிர்ப் பக்கம்தான் வரவேணும். பைப்பின்ர அறைப் பக்கம் திறந்து கிடக்கட்டும். இரவில படுக்கேக்கை சிங்க் அலமாரிக் கதவைத் திறந்து விடுங்கோ, அறைக் காத்து உள்ள போய் வரட்டும். செலவில்லாத வேலை.

தரைக்குக் கீழ ஓடுற பைப்புக்கு கறுப்பு ரப்பர் ஸ்பொஞ்ச் குழாய், மூடின கண் உள்ளது, அதைப் போட்டு கேபிள் டை கட்டுங்கோ. தண்ணி உறிஞ்சிற ஸ்பொஞ்ச் வேண்டாம், நனைஞ்சா ஒண்டுக்கும் உதவாது.

மிட்ராண்ட்_மச்சி

யாழ் அண்ணா இது எனக்குத் தோணவே இல்ல, சூப்பர். ஆனா அண்டர்பெர்க்ல அவ்வளவு குளிருமா? டர்பன்லேர்ந்து ரெண்டு ரெண்டரை மணி நேரம்தானே.

டர்பன் பெரியப்பா

டர்பனை வச்சுக் கணக்குப் போடாதீங்க தம்பி. இங்க ஜூலையில நான் சட்டையோட திண்ணையில உக்காந்து டீ குடிப்பேன். அண்டர்பெர்க் 1,500 மீட்டருக்கு மேல, சானி பாஸ் மலைப்பாதையோட அடிவாரம். பகல்ல நல்ல வெயில் காயும், வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும், அதனாலயே ராத்திரி சூடெல்லாம் மேல போயி விடிகாலையில புல்லெல்லாம் வெள்ளை பூத்துரும். எங்க ஆளுங்க ஈஸ்டர்ல போவாங்க, கையில ஒரு போர்வையோட, அதே நினைப்புல ஜூலையிலயும் போயி நடுங்குவாங்க. 2024 செப்டம்பர்ல பாருங்க, குளிர் முடிஞ்சுதுன்னு நினைச்ச மாசம், வான் ரீனன் பாஸ் மலைக்கணவாய்ல பனி கொட்டி, டர்பன்-ஜோபர்க் ஹைவே என்3 ரோடே அடைஞ்சு சனங்க காருக்குள்ளயே ராத்திரி கிடந்தாங்க.

தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். பைப் வளைஞ்சு குடுத்து தப்பிச்சாலும் தப்பிக்கும், முதல்ல போறது ஃபிட்டிங்குதான், அப்புறம் பம்ப் தலை, டேப் உள்ள இருக்கிற கார்ட்ரிட்ஜ், கீசர். உறைஞ்சப்போ ஒண்ணும் தெரியாது, வெயில் ஏறி உருகினப்புறம்தான் பீச்சும், அதுக்குள்ள நீங்க நடைக்குப் போயிருப்பீங்க.

அதனால ராத்திரி ரொம்பக் குளிரும்னு தெரிஞ்சா படுக்கறதுக்கு முன்னாடி தண்ணியை இறக்கிருங்க. பம்பை ஆஃப் பண்ணுங்க, கீசர் ஆறினதும் டிரெயின் காக்கைத் திறங்க, எல்லா டேப்பும் திறந்து வையுங்க, ஒத்தைக் கைப்பிடி டேப்னா கைப்பிடி நடுவுல இருக்கணும், அப்பத்தான் ரெண்டு பக்கமும் வடியும். ஷவர் தலையைத் தரையில போடுங்க. கேரவன் பார்க் டேப்லேர்ந்து வர ஹோஸைக் கழட்டி சுருட்டிருங்க. காப்பிக்கு ஒரு கேன் தண்ணி உள்ள வச்சுக்கிட்டாப் போதும்.

சோம்பேறி சிங்கம்

காருக்கு ஊத்துற ஆன்டிஃப்ரீஸ் ஊத்தலாமா? ரேடியேட்டர் உறையாதே.

சென்சூரியன் அக்கா

ஐயோ கூடவே கூடாது. கார் ஆன்டிஃப்ரீஸ் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், விஷம், இனிப்பா வேற இருக்கும், பிள்ளைங்க நாய் பூனை எல்லாம் நக்கும். குளிர் நாடுகள்ல கேரவன் தண்ணி லைன்ல ஊத்துறது வேற ரகம், புரொப்பிலீன் கிளைக்கால். நம்ம ஊர்க் குளிருக்கு அதுவும் தேவையில்ல, பெரியப்பா சொன்ன மாதிரி வடிச்சு விட்டாலே போதும்.

கேப்டவுன் யாழ்

யூடியூப் எண்டு சிங்கம் சொன்னதால ஒண்டு. அமெரிக்கா ஆர்வி (வீட்டு வண்டி) வீடியோக்களில பாத்தா வண்டிக்குக் கீழ முழுக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட் மூடியிருக்கும், டாங்க் எல்லாம் அதுக்குள்ள, ஹீட்டர் காத்தையும் அதுக்குள்ள விடுவினம். எங்கட கேரவனில டாங்க் வெளிய தொங்குது, கழிவுத் தண்ணி ஒரு ஹோஸால வெளிய வாளிக்குப் போகுது. அவை செய்யிறதை அப்பிடியே செய்யேலாது.

அந்தக் கழிவு ஹோஸ் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. வெளி முனை திறந்து கிடந்தா கரப்பான் அதுக்குள்ளால ஏறி சிங்க் துளையால வெளிய வரும், தரை ஓட்டை எல்லாம் அடைச்சும் வருதே எண்டு தலையைச் சொறிவியள். ஹோஸ் முனையில எவர்சில்வர் வலைத் துண்டு ஒண்டை கிளிப் போட்டு இறுக்குங்கோ. வண்டி நிப்பாட்டி வைக்கிற மாதங்களில சிங்குக்கும் ஷவருக்கும் அடைப்பான் போட்டு விடுங்கோ. சிங்குக்குக் கீழ தண்ணி தேங்கி நிக்கிற யூ வளைவு இருந்தாலும், தண்ணி காய்ஞ்சு போனா அது வெறும் குழாய்தான்.

மிட்ராண்ட்_மச்சி

அப்டேட். பொறியில ரெண்டு சிக்கிச்சு, அதுக்கப்புறம் புழுக்கை இல்ல. பெரியப்பா ஐடியாப்படி தட்டு வெட்டிட்டேன். இப்போ கீழ படுத்துப் பார்த்தா இன்னும் நிறைய ஓட்டை இருக்கு. வயர் போற ஓட்டை, ஃபிரிட்ஜ் பின்னாடி ஒண்ணு, அப்புறம் அடுப்புக்கு நேர் கீழ தரையில வட்டமா ஒரு ஓட்டை, மேல சும்மா ஒரு ஜாலி மூடி இருக்கு, அதுல எந்தப் பைப்பும் போகல. அதையும் சேர்த்து ஃபோம்ல மூடிடவா?

டர்பன் பெரியப்பா

தம்பி அதை மூடாதீங்க!! இதைப் படிக்கிற எல்லாரும் கேட்டுக்குங்க. பைப் எதுவும் போகாம தரையில தனியா இருக்கிற அந்த ஓட்டை கேஸ் வெளியேறுற வழி. எல்பிஜி காத்தை விடக் கனம், கசிஞ்சா மேல ஏறாது, தண்ணி மாதிரி தரையில தேங்கும். அந்த ஓட்டை வழியா கீழ இறங்கிப் போகத்தான் வச்சிருக்காங்க. அடுப்புக்குக் கீழ, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி, சிலிண்டர் பெட்டி அடியில, எல்லாத்துலயும் இருக்கும். அதை அடைச்சா எலி வராது சரி, ஒரு நாள் தீக்குச்சி உரசும்போது தெரியும்.

எலிக்காக வேணும்னா எவர்சில்வர் கம்பி வலை, கண் 5 மி.மீ.க்குள்ள, ஓட்டையை விடப் பெருசா வெட்டி தட்டையா ஸ்க்ரூ பண்ணுங்க, அவ்வளவுதான். அப்பப்போ சேறு அப்பியிருக்கான்னு பார்த்து பிரஷ் போடுங்க. கொசுவலை வேணாம், தூசியில அடைச்சுக்கும். ஃபிரிட்ஜ் வென்ட்டும் அப்படித்தான், அது கேஸ்ல ஓடுற ஃபிரிட்ஜ், காத்து ஓட்டம் இல்லாட்டி குளிராது, வலைக்கு மேல எதுவும் கூடாது. நம்ம ஊர்ல குளவி வேற அந்த பர்னர் பக்கம் மண்ணு வச்சுக் கூடு கட்டும், பயணத்துக்கு முன்னாடி ஒரு பார்வை பாருங்க. கேஸ் லைன்ல கை வைக்கிற வேலை எதுவா இருந்தாலும் லைசென்ஸ் உள்ள கேஸ் ஆளைக் கூப்பிட்டு சர்ட்டிபிகேட்டோட முடிங்க.

சென்சூரியன் அக்கா

பெரியப்பா சொன்னதோட இன்னொண்ணு. சந்தெல்லாம் அடைச்சு கேரவன் இறுக்கமானதும் குளிருதுன்னு கேஸ் ஹீட்டரோ, அடுப்பையே எரிய விட்டோ தூங்கிராதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சுரும். கூரை வென்ட்டைக் கொஞ்சம் திறந்தே வையுங்க, அலாரம் ஒண்ணு வாங்கி படுக்கை உயரத்துல மாட்டுங்க. பிராய் (இறைச்சி சுடுற அடுப்பு) போட்ட கரியைக் கணகணப்புக்குன்னு உள்ள கொண்டு வர்ற ஆளுங்க இருக்காங்க, கேக்கவே பயமா இருக்கு.

கேப்டவுன் யாழ்

வயர் ஓட்டைக்கு: ஃபோம் அடிச்சு வயரை முழுசாப் புதைக்காதேங்கோ, சூடு வெளிய போகாது. ரப்பர் கிரொமெட் (ஓட்டை விளிம்பில மாட்டுற வளையம்) போட்டு சுத்திவர சீலன்ட் வையுங்கோ. தெர்மோகோல் துண்டு அடைக்கவே கூடாது, பிவிசி வயரோட அது ஒட்டிக் கிடந்தா நாளடைவில வயர் உறை விறைச்சு வெடிப்பு விழும்.

மிட்ராண்ட்_மச்சி

நல்லவேளை கேட்டேன், ஃபோம் டப்பா கையிலயே இருந்துச்சு. எல்லாம் அடைச்சுட்டேன், இப்போ மிச்சம் ஓட்டை இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டர்பன் பெரியப்பா

ராத்திரி இருட்டினதும் உள்ள விளக்கெல்லாம் அணைச்சுட்டு நீங்க சிங்க் கீழ தலையை விடுங்க, வீட்ல யாரையாவது வெளிய அடிப்பக்கம் டார்ச் பிடிக்கச் சொல்லுங்க. வெளிச்சம் எங்க கசியுதோ அங்க மார்க்கர். அப்புறம் காத்தடிக்கிற நாள்ல, சிலிண்டர் வால்வை மூடிட்டு, உள்ள வாசனை எதுவும் இல்லைன்னு பார்த்துட்டு, ஒரு ஊதுபத்தி கொளுத்தி பைப் ஓரமா மெதுவா கொண்டு போங்க. புகை நேரா ஏறுச்சுன்னா சரி, ஒரு பக்கமா சாஞ்சு ஓடுச்சுன்னா அங்க சந்து. என் வீட்டுக்காரி இதைப் பார்த்துட்டு சிங்குக்கு எதுக்கு பூசைன்னு கேட்டா.

சோம்பேறி சிங்கம்

🤣🤣 பெரியப்பா, டர்பன்ல பாம்பு வருமா இப்படி ஓட்டை வழியா?

டர்பன் பெரியப்பா

எலி இருந்தா வரும், அதுக்கு சாப்பாடு அதுதானே. பெரும்பாலும் பழுப்பு வீட்டுப்பாம்பு, விஷமில்ல, பாவம். எம்ஃபெஸின்னு சொல்ற துப்புற நாகமும் இந்தப் பக்கம் உண்டு, அதைப் பார்த்தா கிட்டப் போகாம பாம்பு பிடிக்கிற ஆளுக்குப் போன் போடணும். ஓட்டையை அடைக்கிறது பாதி, வண்டியைப் புல்லுல நிறுத்தாம சிமெண்ட் தரையில நிறுத்தி, உள்ள ஒரு பிஸ்கட் துண்டு கூட விடாம துடைக்கிறது மிச்சப் பாதி.

சென்சூரியன் அக்கா

ஜோபர்க் பக்கம் பாம்பை விட பார்க்டவுன் பிரான்னு சொல்ற பெரிய வெட்டுக்கிளி மாதிரி பூச்சிக்குத்தான் என் பிள்ளைங்க அலறுது. மழைக்காலத்துல ஷோங்கலோலோவும் (மரவட்டை) வரிசையா ஏறும். அதுக்கெல்லாம் சீலன்ட் போதும். எறும்புக்கு மட்டும் நிறுத்தும்போது இறக்கி விடுற ஸ்டெடி கால் நாலுலயும், முன்னாடி இருக்கிற சின்ன ஜாக்கி வீல்லயும் கொஞ்சம் வாசலின் தடவுங்க, கரண்ட் கேபிள் ஏறி வர இடத்துலயும். தூசி பட்டா மறுபடி தடவணும்.

மிட்ராண்ட்_மச்சி

கடைசி டவுட் பெரியப்பா. தட்டுக்கும் தரைக்கும் நடுவுலயும் அந்த சிக்காஃப்ளெக்ஸே போட்டு ஒட்டிடவா, ஸ்ட்ராங்கா இருக்குமே? அப்புறம் இங்க காலையில 3 டிகிரி, இப்போ போடலாமா?

டர்பன் பெரியப்பா

தட்டு அடியில அது வேணாம். நாளைக்கு ஃபிட்டிங் ஒழுகினா தட்டைக் கழட்டணும், அதுல ஒட்டினீங்கன்னா பிளைவுட் தோலோடதான் வரும். அங்க பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் நாடா) போடுங்க, காயாது, ஸ்க்ரூவைக் கழட்டி நெம்பினா வந்துரும். சீலன்ட் பைப்பைச் சுத்தி மட்டும். காலையில போடாதீங்க, பனி ஈரம் இருக்கும், ஒட்டாது. மத்தியானம் வெயில் ஏறினதும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, காஞ்சப்புறம் போடுங்க. ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் என்ன ஓடுதுன்னு பாருங்க, தரை கனத்தை விட நீளமா ஸ்க்ரூ எடுத்துராதீங்க, உங்க வண்டியில டாங்க் அதுக்கு நேர் கீழதான் இருக்கும்னு நினைக்கிறேன்.

மிட்ராண்ட்_மச்சி

ஆமா அங்கதான் இருக்கு. 12 மி.மீ. ஸ்க்ரூ வாங்கிட்டு வரேன்.